குழு பிடித்த முதல் ஆள்

வயதானவர்களையும் படுத்த படுக்கையாய்க் கிடப்பவர்களையும் பார்த்துக்கொள்ளும் இல்லம் அது. பார்த்துக்கொள்வது என்றால் என்னவென்று அவர்களிடம் பதினான்கு பக்கத்துக்கு ஒரு விளக்கம் இருந்தது. பளபளவென்று அட்டை போட்டு வரவேற்பு மேஜையில் அடுக்கி வைத்திருந்தார்கள். கடைசிப் பக்கத்தில், ஏழு வருஷமாக இங்கே ஒரு புறக்கணிப்புகூட நடந்ததில்லை என்று தடித்த எழுத்தில் போட்டிருந்தது. பொய் என்று சொல்லிவிட முடியாது. எது புறக்கணிப்பு, எது இல்லை என்று தீர்ப்புச் சொல்ல வேண்டியது 'புறக்கணிப்பு அறிதல் மற்றும் எதிர்கொள்ளல் குழு'. ஒன்பது பேர் கொண்ட அந்தக் குழு ஏழு வருஷமாகக் கூடவே இல்லை. கூடாத குழு எதைக் கண்டுபிடிக்கும்?

இந்த இல்லத்தில்தான் லிஃப்ட் மெக்கானிக் ஒருவன் தன் அக்காவைக் கொண்டுவந்து விட்டிருந்தான். அதற்காக யாரும் அவனை ஏச வேண்டாம், அந்த வேலையை அவனே தினமும் செய்துகொண்டிருந்தான். அக்கா டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் முப்பத்தைந்து வருஷம் வேலை பார்த்து, மேற்பார்வையாளராக ஓய்வு பெற்றவள். கல்யாணம் பண்ணிக்கொள்ளவில்லை. தம்பியைப் படிக்க வைத்து, தொழில் கற்க அனுப்பி, அவனுக்குப் பெண் பார்த்ததும் அவள்தான். அறுபத்தெட்டு வயதில் பக்கவாதம் வந்து இடது பக்கம் விழுந்துவிட்டது. பேச்சு கொஞ்சம் இழுத்தது. புத்தி மட்டும் ஒரு குறையும் இல்லாமல் இருந்தது. இவன் குடியிருந்ததோ மூன்றாவது மாடியில், லிஃப்ட் வைக்காத பழைய கட்டடத்தில். ஊரில் உள்ள மாடிகளுக்கெல்லாம் ஜனங்களை ஏற்றிவிட்டவன், சொந்த அக்காவை மூணு மாடி தூக்க வழியில்லாமல் கையைப் பிசைந்துகொண்டு நின்றான்.

ஒரு செவ்வாய்க்கிழமை பதினோரு மணிக்கு, பக்கத்துத் தெருவில் ஒரு லிஃப்ட்டைச் சரிபண்ணிவிட்டு, அப்படியே அக்காவை எட்டிப் பார்க்க வந்தான். அக்கா மல்லாந்து கிடந்தாள். முகம் கறுத்திருந்தது. இடுப்புக்குக் கீழே எரியுதுடா என்றாள். மெல்ல ஒருக்களித்துப் பார்த்தான். முதுகுத்தண்டு முடிகிற இடத்தில், உள்ளங்கை அகலத்துக்குத் தோல் உரிந்து, நடுவில் குழி விழுந்து சீழ் கட்டியிருந்தது. படுக்கைப் புண். ஒரே வாக்கில் கிடந்தால் வருவது. வராமல் இருக்க இரண்டு மணிக்கு ஒரு தரம் ஆளைப் புரட்டிப் படுக்க வைக்க வேண்டும், அவ்வளவுதான் வைத்தியம்.

கட்டிலின் கால்மாட்டில் ஓர் அட்டை தொங்கியது. எத்தனை மணிக்கு, எந்தப் பக்கம் புரட்டினார்கள், நோயாளி எப்படி இருந்தார் என்று எழுதிக் கையெழுத்துப் போடும் அட்டை. காலை ஆறு மணி, இடப்பக்கம், கையெழுத்து. எட்டு மணி, வலப்பக்கம், கையெழுத்து. பத்து, பன்னிரண்டு, இரண்டு, நாலு என்று அழகாக ஓடியது. மணி பதினொன்றுதானே ஆகிறது என்று கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டான். விரலை வைத்து இன்னும் கீழே போனான். புதன் இருந்தது. வியாழன் இருந்தது. சனிக்கிழமை சாயங்காலம் நாலு மணிக்கு 'வலப்பக்கம் புரட்டப்பட்டார், புன்னகை செய்தார்' என்று எழுதியிருந்தது.

அந்த மாடியில் இருபத்தாறு கட்டில். பார்த்துக்கொள்ள ஓர் ஆயா. அவளைக் கூப்பிட்டுக் கேட்டான். அவள் ஒன்றையும் ஒளிக்கவில்லை. திங்கட்கிழமை காலையிலேயே உட்கார்ந்து வாரம் பூராவுக்கும் எழுதிவிட வேண்டும் என்பது மேலிடத்து உத்தரவாம். அப்போதுதான் அட்டை ஒன்றுகூட விட்டுப்போகாமல் இருக்குமாம். இருபத்தாறு பேருக்கும் எழுதி முடிக்க அவளுக்குச் செவ்வாய் மதியம் ஆகிவிடும். "எழுதவே நேரம் சரியா இருக்கு தம்பி. புரட்ட எங்க நேரம்?" என்றாள். சொல்லும்போது அவள் கையில் பேனா இருந்தது.

மெக்கானிக் நேரே பராமரிப்புத் தர அதிகாரியின் அறைக்குப் போனான். குளிர்சாதனம் ஓடுகிற அறை, ஜன்னலோரம் ஒரு தொட்டிச் செடி. அந்த அம்மாள் எழுந்து நின்று வரவேற்றாள், தண்ணீர் கொடுத்தாள், உட்காரச் சொன்னாள். புகார் சொல்ல வந்தேன் என்றதும் முகத்தில் அப்படி ஒரு கனிவு. இங்கே புகார் என்ற சொல்லையே நாங்கள் பயன்படுத்துவதில்லை, கருத்துப் பகிர்வு என்றுதான் சொல்வோம் என்றாள். படுக்கைப் புண் என்றும் சொல்லக்கூடாதாம். 'தோல் சார்ந்த சவால்' என்று சொல்ல வேண்டுமாம். சரி, என் அக்காவுக்கு உள்ளங்கை அகலத்துக்கு ஒரு சவால் இருக்கிறது என்றான் மெக்கானிக்.

அவள் கோப்பை எடுத்துப் பக்கம் பக்கமாகப் புரட்டினாள். அந்த இல்லத்தில் ஒழுங்காகப் புரட்டப்பட்டது அது ஒன்றுதான். தோல் நலமாக உள்ளது என்று கோப்பு சொன்னது. இந்த வாரம் உங்கள் அக்காவை எண்பத்து நாலு தடவை புரட்டியிருக்கிறோம், அப்படியிருக்கப் புண் வர வாய்ப்பே இல்லையே என்றாள். இன்னிக்குச் செவ்வாய்தானே மேடம் என்று இவன் கேட்டான். எங்களிடம் எந்த வேலையும் கடைசி நிமிஷத்துக்கு வைத்துக்கொள்வதில்லை என்று அவள் பெருமையாகப் பதில் சொன்னாள்.

வார்த்தை எதற்கு, வந்து ஒரு தரம் பாருங்கள், மாடிப்படி இருபத்திரண்டுதான், நானே எண்ணிவிட்டு வந்தேன் என்று கெஞ்சினான். அப்போதுதான் அந்த அம்மாள் மனசு விட்டுப் பேசினாள்.

"நான் வந்து பாத்துட்டேன்னா எனக்குத் தெரிஞ்சதா ஆயிடும் சார். தெரிஞ்சதா ஆயிட்டா இருபத்தி நாலு மணி நேரத்துல நடவடிக்கை எடுத்தாகணும், அது விதி. நான் அவசரப்பட்டுப் பாத்து, குழு இன்னும் பாக்கலைன்னா, ஒழுங்கு என்னாகும்? எட்டு வருஷமா இந்த நாற்காலியில இருக்கேன். ஒரு தடவைகூட நான் மாடிக்குப் போனதில்லை. அந்த அளவுக்கு விதியை மதிக்கறேன்."

இப்படிச் சொல்லிவிட்டுப் பத்தொன்பது பக்கத்தில் ஒரு படிவத்தைக் கையில் கொடுத்தாள். மெக்கானிக் வராந்தா பெஞ்சில் உட்கார்ந்து நிரப்பினான். புறக்கணிப்பு தொடங்கிய தேதி, நேரம் என்ன என்று கேட்டிருந்தது. ஒன்றைச் செய்ய ஆரம்பித்த நேரத்தைச் சொல்லலாம், செய்யாமல் இருக்க ஆரம்பித்த நேரத்தை எப்படிச் சொல்வது என்று பேனாவைக் கடித்தான். உத்தேசமாக ஒன்றைப் போட்டான். அடுத்தது, புறக்கணிப்பு நடந்தபோது நோயாளியின் அருகில் இருந்தவர் யார், அவர் கையெழுத்து எங்கே என்றது. யாரும் இல்லை என்று எழுதினான். மறுநாள் காலை படிவம் திரும்பி வந்துவிட்டது. சம்பவ இடத்தில் ஊழியர் ஒருவரும் இல்லாததால் சம்பவம் நடந்ததாக ஏற்க இயலாது என்று அதில் குறிப்பு எழுதியிருந்தார்கள்.

வயிறு எரியாமல் என்ன செய்யும்? இனி வெளியே போய்ப் பெரிய டாக்டரையும் பத்திரிகைக்காரர்களையும் கூட்டிக்கொண்டு வருகிறேன் என்று வரவேற்பறையில் நின்று நாலு பேர் கேட்கச் சொன்னான். பத்திரிகை என்ற சொல் மட்டும் இருபத்திரண்டு படியென்ன, நாலு மாடி ஏறி இயக்குநர் அறைக்கே போய்விட்டது. சாயங்காலத்துக்குள் சுற்றறிக்கை வந்தது. இல்லம் இந்த விஷயத்தை மிகத் தீவிரமாக எடுத்துக்கொள்கிறது. ஆகவே நாளை முதல் மூன்று நாள், எல்லா ஊழியர்களுக்கும், 'புறக்கணிப்பை அடையாளம் காண்போம்' என்ற கட்டாயப் பயிற்சி. வாயில் காவலாளி தவிர ஒருவருக்கும் விலக்குக் கிடையாது.

காலை ஒன்பது மணிக்கு நர்சுகள், ஆயாக்கள், சமையல்காரர், துணி துவைப்பவர், பெருக்குகிறவர் எல்லோரும் கீழ்த்தளக் கூடத்தில் வரிசையாக உட்கார்ந்தார்கள். இயக்குநர் பேச எழுந்தார். வாயைத் திறந்தால் லேசில் மூடுகிற ஆளில்லை.

"நம்ம வீட்டுப் பெரியவங்க ஒரு நிமிஷம்கூடத் தனியா விடப்படக்கூடாது. அதுக்காகத்தான் இந்த மூணு நாளும் யாரும் இந்தக் கூடத்தை விட்டு வெளியே போகக்கூடாதுன்னு உத்தரவு போட்டிருக்கேன்," என்றார். எல்லோரும் கை தட்டினார்கள்.

மாடியில் இருபத்தாறு பேர் கிடந்தார்கள். தாகம் எடுத்தவர்கள் தலைமாட்டு மணியை அழுத்தினார்கள். மணிப் பலகை இருந்தது கூடத்துச் சுவரில். வெளியூரிலிருந்து வந்திருந்த பயிற்சியாளர், 'நோயாளி அழைத்தும் யாரும் போகாமல் இருப்பது புறக்கணிப்பின் முதல் அடையாளம்' என்று திரையில் காட்டி விளக்க ஆரம்பித்தார். மணி அடித்துக்கொண்டே இருந்ததால் பின்வரிசைக்குக் காது கேட்கவில்லை. பயிற்சிக்கு இடைஞ்சலாக இருக்கிறது என்று அவர் முகம் சுளித்தார். உடனே எலக்ட்ரீஷியனை எழுப்பி மணிக்குப் போகிற இணைப்பைத் துண்டிக்கச் சொன்னார் இயக்குநர். அதற்குப் பிறகு முதல் அடையாளத்தை எல்லோரும் தெளிவாகக் குறித்துக்கொண்டார்கள்.

மெக்கானிக் அன்றைக்கு லீவு போட்டுவிட்டு வந்திருந்தான். மாடியில் ஈ காக்கை இல்லை. மருந்துக்கடைக்காரரிடம் கேட்டு வாங்கி வந்த மருந்தைப் போட்டுப் புண்ணைக் கட்டினான். அக்காவை இடப்பக்கம் புரட்டி, முதுகுக்கு ஒரு தலையணை அண்டக்கொடுத்தான். நர்சு வேலை அவனுக்குத் தெரியாது. ஆனால் கனமான ஒன்றை எங்கே பிடித்தால் நோகாமல் நகரும் என்பது கைக்குத் தெரியும். பக்கத்துக் கட்டிலில் ஓய்வு பெற்ற தபால்காரர் ஒருவர் இதையெல்லாம் பார்த்துக்கொண்டே கிடந்தார். தம்பி, கோவிச்சுக்காம என்னையும் அந்தப் பக்கம் கொஞ்சம் தள்ளிவிடுங்க, இந்த விட்டத்தையே பாத்துப் பாத்து அலுத்துப்போச்சு என்றார். அவரைப் புரட்டினான். அதைப் பார்த்து மூன்றாவது கட்டிலில் ஒரு டீச்சரம்மா கையை உயர்த்தினாள். அப்புறம் வரிசையாகக் கைகள் உயர்ந்தன. தண்ணீர் கொடுத்தான், திரையை இழுத்துவிட்டுப் போர்வை மாற்றினான், கடைசிக் கட்டிலைத் தொடுவதற்குள் முதல் கட்டிலுக்கு இரண்டு மணி நேரம் ஆகியிருந்தது. திரும்ப முதலிலிருந்து ஆரம்பித்தான்.

மூன்று நாளும் இதே வேலை. கீழே புறக்கணிப்பின் இரண்டாம் அடையாளம், ஐந்தாம் அடையாளம் என்று பாடம் நடந்தது, மேலே இவன் ஒற்றை ஆளாய் வியர்த்து வழிந்துகொண்டிருந்தான். அவனை அந்தக் கோலத்தில் பார்க்க அக்காவுக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது.

"லிஃப்ட்டுக்கு நாங்க தேவலையாடா?" என்று கேட்டாள்.

"லிஃப்ட்டு இப்படி ராகம் போடாது."

"சம்சாரம் என்ன சொல்றா?"

"கூட்டிட்டு வாங்கங்கறா. ஹாலில கட்டில் போடலாம், மூணு மாடிக்கும் நாலு பேரைப் பிடிச்சா தூக்கிடலாம்ங்கறா. இதை முன்னாடியே செஞ்சிருக்கணும்க்கா. புத்தி கெட்டுப் போச்சு எனக்கு."

"சரி, இப்பவாச்சும் வந்துதே," என்றாள் அக்கா. திங்கட்கிழமை இல்லத்துப் பதிவில் பேர் வெட்டிக்கொண்டு போய்விடுவதென்று முடிவாயிற்று. மூன்றாம் நாள் சாயங்காலம் அவன் கிளம்பியபோது மாடியில் பாதிப் பேர் கண் கலங்கினார்கள். தபால்காரர் வாய்விட்டே அழுதார்.

பயிற்சி முடிந்து எல்லோருக்கும் சான்றிதழ் கொடுத்தார்கள். கூடவே, தவறாக நடந்துகொள்ளும் ஆளை அடையாளம் காணப் பத்து அறிகுறிகள் அச்சடித்த ஒரு சிறிய அட்டையும் கொடுத்தார்கள். படித்த சூடு ஆறுவதற்குள் ஊழியர்கள் மாடியேறிக் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு தேடினார்கள். அரை மணி நேரத்தில் ஆள் அகப்பட்டுவிட்டான். ஊழியர்கள் இல்லாத நேரமாகப் பார்த்து வந்து போகிறான், ஒன்று. திரையை இழுத்து விடுகிறான், இரண்டு. நோயாளிகளின் உடம்பைத் தொடுகிறான், மூன்று. தன் உறவுக்காரரோடு நிறுத்தாமல் மற்றவர்களிடமும் போகிறான். அவன் போன பிறகு நோயாளிகள் அழுகிறார்கள். இப்படியே ஒன்பது பொருந்திவிட்டது. பத்தாவது அறிகுறி, 'பாதிக்கப்பட்டவர்கள் அந்த ஆளைப் பற்றி நல்லவிதமாகவே பேசுவார்கள்' என்று இருந்தது. மாடியில் விசாரித்தார்கள். இருபத்தாறு பேரும் அவனைத் தங்கமான பிள்ளை என்று சொன்னார்கள். அதோடு சந்தேகத்துக்கே இடமில்லாமல் போயிற்று.

இயக்குநருக்குத் தலைகால் புரியவில்லை. பயிற்சி முடிந்த அன்றைக்கே பலன் கிடைத்தால் சும்மாவா? பயிற்சியாளருக்குத் தொலைபேசியில் நன்றி சொன்னார். ஏழு வருஷம் கழித்துக் குழுவைக் கூட்ட உத்தரவு போட்டார். மெக்கானிக்குக்குக் கடிதம் பறந்தது. விசாரணை முடியும்வரை இல்லத்துக்குள் காலெடுத்து வைக்கக்கூடாது. சந்தேகத்துக்கு உரிய நபர் ஒரு நோயாளியை வெளியே அழைத்துச் செல்லக் கையெழுத்திட முடியாது என்பதால், அக்காவின் பேரை வெட்டவும் முடியாது. நோயாளியின் பாதுகாப்பே எங்கள் மூச்சு என்று அடியில் எழுதியிருந்தது.

பெரிய ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டு ஆம்புலன்ஸ் கேட்டான். இல்லத்திலிருந்து ஒரு வேண்டுகோள் கடிதம் வந்தால் அடுத்த நிமிஷம் அனுப்புகிறோம் என்றார்கள். காவல் நிலையத்துக்கு ஓடினான். குழு ஏற்கெனவே உங்களைத்தானே விசாரிக்கிறது, அது முடியட்டும் என்று அங்கே ஒருவர் ஆறுதல் சொன்னார். பத்திரிகைக்காரர், விசாரணை முடிந்தால் சொல்லுங்கள் என்றார். தினமும் வேலை முடிந்ததும் இல்லத்துக்கு எதிர்த்த நடைபாதையில் வந்து நின்று மாடி ஜன்னலைப் பார்ப்பான். வேறென்ன செய்ய? நாலாம் நாள் ஆயா தெருவைத் தாண்டி வந்தாள். அக்காவுக்கு இரண்டு நாளாகக் காய்ச்சல் என்றாள். புண்ணிலிருந்து வாடை வருகிறதாம். மருந்து போடலாமென்றால், புண் இல்லை என்று கோப்பில் இருப்பதால் ஸ்டோரில் மருந்து கொடுக்க மாட்டேன் என்கிறார்களாம்.

"என்னைத் தப்பா நினைக்காதீங்க தம்பி. உங்க மேல எழுதின காகிதத்துல நானும் கையெழுத்துப் போட்டேன். அட்டையில இருந்தது அத்தனையும் பொருந்திச்சு. பொருந்தினா போடணும்னு சொல்லிக் குடுத்திருக்காங்க," என்றாள். மெக்கானிக்குக்குக் கோபம் வரவில்லை. நாளைக்குத்தானே விசாரணை என்று மட்டும் கேட்டான். இன்னும் ஒரு வாரம் போனால் அக்கா பிழைக்க மாட்டாள் என்று அவனுக்குத் தெரிந்துவிட்டது. அன்றைக்கு வீட்டுக்குப் போனதும் கம்பெனி வேனிலிருந்து ஏணியையும் கருவிப் பெட்டிகளையும் இறக்கினான். அவன் மனைவி அதில் ஒரு மெத்தையைக் கொண்டுவந்து விரித்தாள். என்ன திட்டம் என்று இருவரும் பேசிக்கொள்ளவில்லை, திட்டம் என்று ஒன்று இருந்தால்தானே. காலில் விழுந்தாவது கூட்டிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போவது என்ற ஒன்றைத்தான் அவன் நினைத்துக்கொண்டிருந்தான்.

காலை பத்து மணிக்குக் கீழ்த்தளக் கூடத்தில் குழு கூடியது. இயக்குநர் தலைவர். தர அதிகாரி செயலாளர். இல்லத்து டாக்டர், சட்ட ஆலோசகர், அப்புறம் கோட்டு போட்ட ஐந்து பேர். எல்லோருக்கும் முன்னால் தண்ணீர் பாட்டில், டீ, பிஸ்கட். ஒரு நர்சும் ஆயாவும் அக்காவை ஸ்ட்ரெச்சரில் வைத்துத் தள்ளிக்கொண்டு வந்தார்கள். கன்னம் ஒட்டிப்போய், உதடு வெடித்து, அடையாளமே தெரியவில்லை. வாசல்பக்கம் ஒரு நாற்காலியில் மெக்கானிக்கை உட்கார வைத்திருந்தார்கள்.

தலைவர் முக்கால் மணி நேரம் பேசினார். குழு கூடியதே ஒரு சாதனை என்றார். ஏழு வருஷம் பொறுமையாகக் காத்திருந்த உறுப்பினர்களைப் பாராட்டினார். பிறகு சாட்சி சொல்லும் அளவுக்கு நோயாளிக்குப் புத்தி தெளிவாக இருக்கிறதா என்று டாக்டர் சோதித்தார். இன்று என்ன கிழமை என்று கேட்டார். வியாழன் என்றாள் அக்கா. டாக்டர் போனை எடுத்துப் பார்த்துச் சரிதான் என்றார். நூறிலிருந்து ஏழேழாகக் கழித்துக்கொண்டே வரச் சொன்னார். அக்கா நிறுத்தி நிறுத்தி இரண்டுவரை போய்விட்டாள். டாக்டர் முப்பதிலேயே தடம் மாறி, காகிதத்தில் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார்.

இந்த நபர் உங்களுக்கு ஏதாவது தீங்கு செய்தாரா என்று தலைவர் மெல்லிய குரலில் கேட்டார். பயப்படாமல் சொல்லலாம், நாங்கள் ஒன்பது பேர் இருக்கிறோம் என்றார்.

"எனக்கு முதுகுல புண்ணு இருக்கு," என்றாள் அக்கா. பேச்சு இழுத்தாலும் ஒவ்வொரு சொல்லும் கணீரென்று விழுந்தது. "மூணு வாரமா இருக்கு. உங்கள்ல ஒருத்தராவது பாருங்க. பாத்துட்டு அப்புறம் பேசுங்க."

கூடத்தில் சலசலப்பு எழுந்தது. கோரிக்கை நியாயமானதுதான் என்று ஓர் உறுப்பினர் முனகினார். டாக்டர், எனக்கு ஆட்சேபணை இல்லை, ஆனால் எழுத்தில் வேண்டும் என்றார். சட்ட ஆலோசகர் எழுந்து, அதில் ஒரு பெரிய சிக்கல் இருக்கிறது என்றார். நோயாளியின் உடலை மற்றவர் பார்ப்பது அவருடைய கண்ணியத்துக்குக் குந்தகம், விதி நாற்பத்தொன்று அதைக் கண்டிப்பாகத் தடுக்கிறது. ஆனால் விதி நாற்பத்திரண்டின்படி, புகாருக்கு உரிய புண் குழுவின் முன்னிலையில் காட்டப்பட்டே ஆக வேண்டும். இரண்டையும் மீறக்கூடாது. என்ன செய்யலாம்? ஒன்பது பேரும் இருபது நிமிஷம் மண்டையை உடைத்துக்கொண்டார்கள். கடைசியில் தர அதிகாரிதான் வழி கண்டுபிடித்தாள். புண் குழுவின் முன்னிலையில் காட்டப்படட்டும். அது காட்டப்படும் நேரத்தில், நோயாளியின் கண்ணியத்தைக் காக்கும் பொருட்டு, குழு எழுந்து சுவர்ப் பக்கம் திரும்பி நிற்கட்டும்.

"இந்த மாதிரி மனிதாபிமானத்தோட ஒரு தீர்வை நான் என் சர்வீஸ்ல கேட்டதில்லை," என்றார் தலைவர். குரல் தழுதழுத்தது. தீர்மானம் ஒருமனதாக நிறைவேறியது. நோயாளியைப் புரட்டிக் காட்டுவது யார் என்று ஒரு கேள்வி வந்தது. நர்சும் ஆயாவும் சாட்சிகள், தொடக்கூடாது. குழுவோ திரும்பி நிற்க வேண்டும். கூடத்தில் வேலையில்லாமல் இருந்தது குற்றம் சாட்டப்பட்டவன் ஒருவன்தான். அவனே காட்டலாம் என்று அனுமதித்தார்கள்.

ஒன்பது பேரும் எழுந்து, கோட்டை இழுத்துவிட்டுக்கொண்டு, சுவரைப் பார்த்து வரிசையாக நின்றார்கள். செயலாளர் நோட்டைச் சுவரில் வைத்து எழுதத் தயாராக நின்றாள். நர்சும் ஆயாவும்கூட ஒரு பேச்சுக்குத் திரும்பிக்கொண்டார்கள். மெக்கானிக் ஸ்ட்ரெச்சர் பக்கத்தில் போய் அக்காவின் தோளில் கை வைத்தான். உடம்பு கொதித்தது. ஒருக்களிக்கட்டுமா என்று கேட்டான். அக்கா அந்த ஒன்பது முதுகுகளையும் ஒரு பார்வை பார்த்தாள்.

"வண்டி கொண்டாந்தியா?" என்று மெதுவாகக் கேட்டாள்.

"வாசல்ல நிக்குது."

"அப்ப என்னத்துக்குடா புரட்டிக்கிட்டு? தள்ளு."

தள்ளினான். ஸ்ட்ரெச்சரின் ஒரு சக்கரம் கீச்சென்றது. அதுதான் காட்டுகிற சத்தம் போலிருக்கிறது என்று குழு இன்னும் விறைப்பாக நின்றது. ஆயா திரும்பாமலேயே ஒரு கையைப் பின்னால் நீட்டிக் கதவைத் திறந்துவிட்டாள். வராந்தா, சரிவுப் பாதை, முற்றம். வாயிலில் காவலாளி உட்கார்ந்திருந்தான். அந்த இல்லத்தில் பயிற்சி பெறாத ஒரே ஊழியன் அவன், அதனால் எந்த அறிகுறியும் அவனுக்குத் தெரியவில்லை. காய்ச்சலில் நடுங்குகிற ஒரு கிழவியும், அவளைத் தள்ளிக்கொண்டு ஓடிவருகிற தம்பியும்தான் தெரிந்தார்கள். ஐயோ பாவம் என்று கேட்டைத் திறந்துவிட்டு, மெத்தையில் தூக்கிக் கிடத்தவும் ஒரு கை கொடுத்தான்.

குழு எவ்வளவு நேரம் நின்றது என்று தெரியவில்லை. ஆயிற்றா என்று தலைவர் இரண்டு தரம் கேட்டாராம். பதில் இல்லாததால், நோயாளி கூச்சப்படுகிறார் என்று இன்னும் கொஞ்சம் நேரம் கொடுத்தார்களாம். பிற்பாடு மெக்கானிக்குக்கு வந்த அறிக்கையில், 'குழு முழுமையாகப் பார்வையிட்டது, புண் எதுவும் காணப்படவில்லை' என்று இருந்தது. ஒன்பது கையெழுத்தும் இருந்தது. மனசாட்சியை எங்கே கழற்றி வைத்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார்களோ, அந்தப் பாவிகளுக்குத்தான் வெளிச்சம்.

வேன் பெரிய ஆஸ்பத்திரி அவசரப் பிரிவு வாசலில் நின்றபோது மணி ஒன்றரை. அங்கே கூட்டம் நெரிந்தது. வயசான ஒரு நர்சம்மா, கையில் பாதி சாப்பிட்ட ரொட்டியோடு வந்தவள், அக்காவின் முகத்தைப் பார்த்ததும் ரொட்டியை ஜன்னல் கட்டையில் வைத்துவிட்டுக் கை கழுவிக்கொண்டு வந்தாள். படிவம் கேட்கவில்லை, தேதி கேட்கவில்லை. இரண்டே நொடியில் அக்காவை ஒருக்களித்து, துணியை விலக்கிக் குனிந்து பார்த்தாள்.

"எலும்பு தெரியுதேம்மா. இத்தனை நாளா ஒருத்தர்கூடவா பாக்கலை?"

"எப்படிப் பாப்பாங்க?" என்றாள் அக்கா. "எல்லாரும் என் கண்ணியத்தைக் காப்பாத்திக்கிட்டு இருந்தாங்க."

நர்சம்மா சிரிக்கவில்லை. டாக்டரைக் கூப்பிட்டு ஒரு சத்தம் போட்டாள். பிறகு மெக்கானிக்கைப் பார்த்து, அழுதது போதும், இந்தப் பக்கம் வந்து அக்காவின் தோளைப் பிடித்துக்கொள் என்றாள். அவன் வந்து பிடித்துக்கொண்டான்.